ஏழாம் நம்பர் வீட்டுக்கு அறை முளைத்தது

தென்றல் நகர் குடியிருப்பின் பி பிளாக்கில் ஏழாம் நம்பர் வீட்டுக்கு ஓர் அறை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குத் தண்ணீர் வராத நாள் என்பதால் எல்லோருக்கும் போய்ப் பார்க்க நேரம் இருந்தது.

அறை சின்னதுதான், ஐந்தடிக்கு நாலடி. கட்டடத்தின் அதே வெளிறிய பச்சைச் சுண்ணாம்பு, அதே மரக்கதவு, அதே இறுகிப்போன கொண்டி, உள்ளே எந்த விளக்கையும் எரிய வைக்காத ஒரு சுவிட்சு. அந்த வீட்டில் தனியாக இருந்த ஆவுடையம்மாள் கடுகு தாளித்துக்கொண்டிருந்தவள், நேற்றுவரை சுவராக இருந்த இடத்தில் கதவு இருப்பதைப் பார்த்து, அடுப்பைத் தணித்து, கதவைத் திறந்து, உள்ளே தலையை நீட்டி, "ஒட்டடைகூட இல்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து தாளித்ததை ரசத்தில் கொட்டினாள்.

அதே நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம், ஆறாம் நம்பரில், செண்பகவடிவின் இடுப்பு கிரைண்டரில் இடித்தது. பதினோரு வருஷமாக இடிக்காத இடுப்பு. அப்பாவின் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். ஆறடி அகலமாக இருந்த சமையலறை ஐந்தடியாகியிருந்தது. ஐந்தடி அறைக்கு ஓரடிதான் எடுத்துக்கொண்டார்கள், மீதி நாலடியை எங்கிருந்து எடுத்தார்களோ என்று நினைத்துக்கொண்டாளே தவிர யாரிடமும் சொல்லவில்லை. வடிவு எதையுமே யாரிடமும் சுலபமாகச் சொல்கிறவள் இல்லை. முப்பத்து மூன்று வயது, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளை மெழுகில் பதித்து, பட்டுத்தாளைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிற வேலை. அங்கே எல்லோரும் கண்ணாடியைப் பார்ப்பார்கள், அவளைப் பார்க்க மாட்டார்கள். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

பி பிளாக் அறையை வரவேற்றது. கீழே ஒன்பது, மேலே ஒன்பது என்று பதினெட்டு வீட்டிலும் ஆள் அதிகம், இடம் குறைவு. பதினான்காம் நம்பர் இன்சூரன்ஸ்காரர் தன் பழைய கோப்புகளை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்றாம் நம்பர் தையல்காரி மூக்கம்மாள் அறையின் மூலையிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய், தன் வீட்டுப் பரணில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். நாலாம் நாள் பரணில் ஓர் இழுப்பறை முளைத்தது, ஐந்தாம் நாள் அந்த இழுப்பறைக்குள் இன்னோர் இழுப்பறை. அதன் பிறகு பரணில் பாத்திரம் வைக்க இடமில்லாமல் போகவே, செங்கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்கு ராசியில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சங்கச் செயலாளர் சங்கரபாண்டியன் கூட்டம் போட்டார். அறை பொதுவா, தனியா என்று இரண்டு மணி நேரம் பேசி, காபி குடித்து, தனிதான், ஆனால் கொலுவுக்குப் பொது என்று முடிவு செய்தார்கள்.

அது ஏன் முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் ஏழாம் நம்பரில் முளைத்தது என்று மட்டும் பொறாமையோடு கேட்டார்கள். வடிவுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்டது. அதற்குக் காரணம் ஒரு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பி பிளாக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. முற்றத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் குடிதண்ணீர் வரும், எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. குழாய் சீறுவது முதலில் ஒன்றாம் நம்பருக்குத்தான் கேட்கும். உடனே அவர்கள் பூரிக்கட்டையால் சுவரில் மூன்று தட்டு தட்டுவார்கள். இரண்டாம் நம்பர் அதைக் கேட்டு மூன்றாம் நம்பரைத் தட்டும், மூன்று நாலைத் தட்டும், இப்படியே ஒன்பது வரை போய், ஒன்பதாம் நம்பர் கம்புத் துடைப்பத்தால் மேற்கூரையைத் தட்ட, பதினெட்டாம் நம்பர் அங்கிருந்து பத்து வரைக்கும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு நிமிஷத்தில் பதினெட்டுக் குடமும் முற்றத்தில் இருக்கும். ஒரு தட்டு என்றால் டிவியைக் குறை, இரண்டு தட்டு என்றால் கறிவேப்பிலை இருக்கா, சாவு என்றால் கட்டையில்லை, உள்ளங்கை. முப்பத்தோரு வருஷமாகத் தட்டித் தட்டி ஒவ்வொரு சுவரிலும் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. வெள்ளையடிக்க வருகிறவர்கள்கூட அந்தக் குழியைப் பூச மாட்டார்கள். வாயால் பேசக் கூச்சப்படுகிற வடிவுக்குச் சுவர் போதுமானதாக இருந்தது. அவள் தட்டு யாருக்கும் தெரியும். சன்னமாக, நடுவில் சிறிது இடைவெளி விட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவுடையம்மாள் வீட்டுக்கு, மஸ்கட்டில் இருக்கிற அவள் மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கார் வந்து நின்றதை வடிவு பார்த்தாள். பட்டுச்சேலைகள் இறங்கியதையும் பார்த்தாள். ஐந்தாம் நம்பர் சுவர் மூன்று தட்டு தட்டியபோது, கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். தண்ணீர் தண்ணீர்தானே என்று தட்டிவிட்டாள். ஆவுடையம்மாள் பட்டுச்சேலையோடு, கையிலிருந்த காபித் தட்டை மாப்பிள்ளையின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டு குடத்தையும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். திரும்பி வந்தபோது பெண்ணின் அப்பா எழுந்து நின்றிருந்தார். "மாமியாரே இந்த ஓட்டம் ஓடுதாவ, எங்க புள்ள எம்புட்டு ஓடணுமோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சம்பந்தம் அத்தோடு நின்றது.

மறுமாதமே மகன் அனுப்பிய பணத்தில் ஆவுடையம்மாள் நாலு சுவருக்கும் தரையிலிருந்து மேற்கூரை வரைக்கும் கருப்புக் கிரானைட் பதித்தாள், பின்னால் இரும்புச் சட்டம் கொடுத்து, இண்டு இடுக்கு இல்லாமல். வடிவு இந்தப் பக்கம் தட்டினால் அது மலையைத் தட்டுவது போல இருந்தது. தட்டு ஏழோடு நின்றது, எட்டுக்குப் போகவில்லை, அதனால் மாடிக்கும் போகவில்லை. சங்கரபாண்டியன் போனில் ஒரு குழு தொடங்கி, தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும்படி செய்தார். அது நன்றாகவே வேலை செய்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வடிவு பதினாலு மாதம் நினைத்தாள். அதற்கு வாசல் வழியாகப் போய் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. சுவர் வழியாகக் கேட்க முடியுமென்றால் எப்போதோ கேட்டிருப்பாள்.

முதல் அறைக்குள் இரண்டாவது அறை முளைத்தது, இரண்டாவதற்குள் மூன்றாவது. பிறகு கணக்கு மாறியது, வாரத்துக்கு இரண்டு. முதல் அறைகளுக்குக் கதவு இருந்தது. பின்னால் வந்தவற்றில் சிலவற்றின் கதவு திறக்கவில்லை, சிலவற்றின் கதவு மேற்கூரையில் இருந்தது. ஒன்றில் மூன்று படிக்கட்டு ஏறிச் சுவரில் போய் முட்டியது. ஒன்றிலும் ஜன்னல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒயரும் குழாயும் தானாகவே நீண்டு போயின, கொடி போல, மற்ற வீடுகளின் சுவருக்குள்ளிருந்து. பி பிளாக்கில் மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. மாடியில் குழாய் நூலாக ஒழுகியது. இன்சூரன்ஸ்காரர் தன் கோப்புகளைத் தேடிக்கொண்டு போய் ஒரு நாள் மதியம் முழுக்கக் காணாமல் போனார். வேறோர் ஆளின் பாலிசியோடு வெளியே வந்தார்.

"நமக்கு வேண்டிய அளவுக்கு முளைச்சா நல்லது" என்றார் சங்கரபாண்டியன். "இது யாரையும் கேட்டு முளைக்க மாட்டக்கே."

குடியிருப்பு அலுவலகத்திலிருந்து பொறியாளர் வந்தார். ஏழாம் நம்பரை விரலால் சுண்டிப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்தில் இல்லாத அறையை இடிக்க உத்தரவு போட முடியாது, ஏனென்றால் அது இல்லை என்றார். பிறகு ஆறாம் நம்பருக்கு வந்தார். வடிவின் சமையலறை மூலையில்தான் மாடிப்படியைத் தாங்குகிற தூண் இருந்தது. சுவர் எதிர்ப்பக்கத்திலிருந்து அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"இது தூணைத் தொட்டுச்சுன்னா கட்டடம் நிக்காது. அன்னைக்குப் பதினெட்டு வீடும் காலி பண்ணணும். உத்தரவு அடிச்சு வச்சாச்சு, தேதி மட்டும் போடல." பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். "ரெண்டு நாளைக்கு ஒருக்க வந்து அளப்பேன்."

வடிவின் அப்பா சுடலைமுத்து பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் அவர் சொல் கேட்பதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கீழ்த்தள வீடு அவர்களுக்குக் கிடைத்ததே மனு மேல் மனு போட்டுத்தான். வேறு எங்கே போனாலும் படி இருக்கும். அவர் தினமும் சாயங்காலம் கட்டிலில் இருந்தபடி கேட்பார்.

"இன்னும் எவ்வளவும்மா?"

"முப்பத்திரண்டு அங்குலம்ப்பா."

"ரைட்டு, போலாம்."

முப்பத்திரண்டு இருபத்தைந்தானது. வடிவு பக்கவாட்டில் நுழைந்து சமைத்தாள். இருபத்தைந்து இருபதானபோது கிரைண்டரை வெளியே எடுத்தாள். அன்றைக்கு, சமையலறைச் சுவர் உதிர்த்த காரைத் துணுக்கு ஒன்றைத் தாளில் மடித்து, கைப்பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒப்பிட்டுப் பார்க்க ஐந்தாம் நம்பர் பக்கத்துச் சுவரிலிருந்து இன்னொரு துணுக்கு. இரண்டையும் வழக்கம்போல மெழுகில் பதித்தாள், வழக்கம்போலச் சீவினாள், ஊதாவும் ரோஜாவுமாகச் சாயம் ஏற்றினாள்.

ஐந்தாம் நம்பர் சுவர் பொறுமையான சுவர். மைக்ராஸ்கோப்புக்கடியில் அது குட்டிக் குட்டி அறைகளாக இருந்தது, வரிசையாக, ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து, செல்லுக்குக் கரு இருக்கிற இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு சுவிட்சோடு. ஏழாம் நம்பர் பக்கத்துச் சுவரிலும் அறைகள்தான். அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. சிலவற்றுக்கு இரண்டு சுவிட்சு, சிலவற்றுக்கு ஐந்து. இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தவை எண்ணவே முடியாது.

பெனிட்டா வந்து எட்டிப் பார்த்தாள். ஆராய்ச்சி மாணவி, வடிவைவிட ஏழு வயது சின்னவள், தன் செல்களோடு நாள் முழுக்கப் பேசுகிறவள்.

"ஐயோ, இது யாரோடது அக்கா?"

"பக்கத்து வீட்டோடது."

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

"பாவம். கல்யாணம் ஆனவங்களா?"

"வீடு, பெனிட்டா."

"ஓ." இன்னொரு முறை பார்த்தாள். "ஆனாலும் பாவம்தான். சுத்தி ரொம்ப இறுக்கமா இருக்கோ?"

 பெனிட்டா செல் வளர்க்கிற கிண்ணங்களுக்குப் படுக்கை தயார் செய்வதே வடிவுதான். ஒரு கிண்ணத்தில் இளநீர் வழுக்கை போல இளகிய படுக்கை, இன்னொன்றில் கொப்பரை போல இறுகியது. இரண்டிலும் விடுவது ஒரே செல். வழுக்கையில் விட்டவை அடங்கி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் இருப்பது மேலே பட்டால் சரி, ஆள் இருக்கிறது என்று வளர்வதை நிறுத்தும். கொப்பரையில் விட்டவை கைகாலைப் பரப்பித் தரையை இழுக்கும், இறுக்கத்தை உள்ளே கருவரைக்கும் கொண்டுபோகும், பக்கத்திலிருப்பது பட்டாலும் நிற்காமல் பெருகும். "அதே செல்லுதான் அக்கா, நான் மாத்தினது தரையை மட்டும்" என்று பெனிட்டா வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வாள். "எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். இதுவும் ஒண்ணு. அதுக்குக் கண்ணா இருக்கு, காதா இருக்கு? தொட்டாத்தான் தெரியும்."

வடிவு ஐந்தாம் நம்பர் கண்ணாடியை மறுபடி வைத்துப் பார்த்தாள். பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தக் குட்டி அறைகள் ஒவ்வொன்றின் சுவரிலும், இரண்டு பக்கமும், ஒரு சின்னக் குழி இருந்தது. ஏழாம் நம்பரில் ஒரு குழிகூட இல்லை.

ஒரு வாரம் அந்தக் கண்ணாடிகளைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். இருபது பதினைந்தானது. பதினைந்து ஒன்பதானது. ஒன்பது அங்குலத்தில் குக்கர் வைக்க முடியாது. "ரைட்டு, போலாம்" என்று சொல்வதை அப்பா நிறுத்திவிட்டார். பொறியாளர் புதன்கிழமை அளந்துவிட்டு, வெள்ளிக்கிழமை தேதியோடு வருகிறேன் என்று சொல்லிப் போனார். எட்டாம் நம்பர்க்காரர்கள் அட்டைப்பெட்டி வாங்கப் போனார்கள்.

வியாழக்கிழமை காலையில் வடிவு வேலைக்குப் போகாமல் ஏழாம் நம்பர் வாசலில் போய் நின்றாள். கதவைத் தட்டக் கை தூக்கி, எத்தனை தட்டு என்று தெரியாமல் இறக்கினாள். கதவு தானாகத் திறந்தது. ஆவுடையம்மாள் இடுப்பில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கயிறு போல முடிந்திருந்தாள். அதன் மறுமுனை உள்ளே அறை அறையாகப் போய் எங்கேயோ மறைந்திருந்தது.

"என்னட்டி, பதினாலு மாசம் கழிச்சு வழி தெரிஞ்சுதோ?"

வடிவு கயிற்றைப் பார்த்தாள்.

"கட்டில்ல கெட்டியிருக்கேன். இல்லன்னா கட்டில் எந்த ரூமுல கெடக்குன்னு தெரிய மாட்டக்கு. மவன் வாடகைக்கு விடுங்கான். எதை விட? நாங் கூப்புட்டா எனக்கே கேக்க மாட்டக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்கு வந்த? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"அத்தை," என்றாள் வடிவு.  ஆவுடையம்மாள் காத்திருந்தாள், அவளுக்கும் போக இடமில்லை. "அன்னைக்கு ஆள் இருக்காவன்னு தெரிஞ்சுதான் தட்டினேன்."

"தெரியும்."

"மன்னிச்சிருங்க."

"நீ தட்டினதுல என்ன தப்பு? தண்ணி வந்துச்சு, தட்டின." ஆவுடையம்மாள் கருப்புச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "நான் ஓடினதத்தான் என்னால தாங்க முடியல. தட்டு கேட்டா ஓடுத காலு. அத என்ன செய்ய? அதான் கேக்காம ஆக்கிட்டேன்."

வடிவு கைப்பையிலிருந்து கண்ணாடிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெறுங்கண்ணுக்கு இரண்டு ரோஜா நிறக் கறைதான் தெரிந்தது. இருந்தாலும் சொன்னாள், வழுக்கை, கொப்பரை, குழி, எல்லாவற்றையும். அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. ஆவுடையம்மாள் முடிவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப வீட்டுக்கு நாம பக்கத்துல இருக்கது தெரியாதுங்கியா?"

"தெரியாது அத்தை. தனியா நிக்கோம்னு நினைச்சு வளருது."

ஆவுடையம்மாள் இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு போய்க் கடப்பாரை எடுத்துவந்தாள்.

ஆறாம் நம்பர் பக்கத்துச் சுவரில் முதல் கிரானைட் பலகையைப் பெயர்க்க இரண்டு பேருக்கும் மதியம்வரை ஆனது. உடையும்போது ஆவுடையம்மாள் அதன் விலையைச் சொன்னாள், ஒரே ஒருமுறை. பின்னால் அதே வெளிறிய பச்சைச் சுவர், அதில் அதே குழி, பூரிக்கட்டையின் முனைக்கு அளவெடுத்தது போல. வடிவு தன் வீட்டுக்கு ஓடி, ஒன்பது அங்குலச் சந்துக்குள் கையை மட்டும் விட்டு, முட்டியால் தட்டினாள். சுவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு அந்தப் பக்கமிருந்து ஆவுடையம்மாள் தட்டினாள்.

அன்று சாயங்காலம்வரை பலகைகள் விழுந்தன, எட்டாம் நம்பர் பக்கமும். அட்டைப்பெட்டி வாங்கி வந்தவர்கள் அதை வைத்துவிட்டுக் கட்டையை எடுத்தார்கள். மூக்கம்மாள் பரணில் ஏறித் தட்டினாள். தண்ணீருக்கில்லை, கறிவேப்பிலைக்கில்லை, ஒரு காரணமுமில்லாமல் பதினெட்டு வீடும் தட்டியது, ஒன்றிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து மேலே, மேலேயிருந்து திரும்பக் கீழே, இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று. சுடலைமுத்து கட்டிலுக்கு அருகில் இருந்த சுவரில் இடது கையால் தட்டினார். பஸ்ஸில் பக்கத்துத் தகரத்தைத் தட்டுவது போல இரண்டிரண்டாகத் தட்டியதால், ஐந்தாம் நம்பரிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை பொறியாளர் உத்தரவோடு வந்தார். பாதுகாப்புக்காக எல்லோரும் முற்றத்தில் நிற்க வேண்டும் என்றார். பதினெட்டு வீடும் காலியானது. சுடலைமுத்துவை நாற்காலியோடு தூக்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள். சங்கரபாண்டியன் தலைகளை எண்ணி, ஒருவர்கூட உள்ளே இல்லை என்று சொன்னார். பொறியாளர் ஆறாம் நம்பருக்குள் போனார், வந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனார்.

"ஒன்பது அங்குலம்" என்றார் வெளியே வந்து. "புதன்கிழமையும் ஒன்பதுதான். நின்னிருக்கு."

"சுருங்குமா சார்?" என்று கேட்டது மூக்கம்மாள்.

"முளைச்சது முளைச்சதுதான். எதுவும் சுருங்காது."

"அப்ப இந்தப் புள்ள எங்கன சமைக்கும்?"

"என் மொத ரூமுல சமைக்கட்டும்" என்றாள் ஆவுடையம்மாள், வடிவைப் பார்க்காமல். "அது அவ அடுக்களையத் தின்னுதான் வந்துச்சு. நடுச் சுவத்துல ஒரு வாசல் வெட்டிக்கிடுதோம்."

"வாசல் வெட்ட அனுமதி வேணும்" என்றார் பொறியாளர்.

"ரூமே இல்லன்னுல்லா சொன்னீய. இல்லாத ரூமுக்கு எதுக்கு அனுமதி?"

பொறியாளர் அதற்கு வரைபடத்தில் பதில் தேடினார். கிடைக்காமல் போகவே உத்தரவை மடித்து முழங்காலில் வைத்து, அதன் முதுகில், மூன்று மாதம் கண்காணிக்கவும் என்று எழுதத் தொடங்கினார். பேனா தாளில் ஊர்கிற சத்தம் கேட்கிற அளவுக்கு முற்றம் அமைதியாக இருந்தது.

அப்போது ஏழாம் நம்பர் சுவர் தட்டியது. மூன்று தட்டு. சன்னமாக, நடுவில் சிறிது இடைவெளி விட்டு. ஆறாம் நம்பர் அதை வாங்கி ஐந்துக்குத் தட்டியது, எட்டு ஒன்பதுக்குத் தட்டியது, யாருமில்லாத மாடி வரிசையில் தட்டு ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்பியது. பொறியாளர் தலையைத் தூக்கினார். முற்றத்தில் நின்றவர்களை எண்ணிப் பார்த்தார். வடிவு தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் அவளிடம்தான் இருந்தன.

"உள்ள யாரு?" என்றார் பொறியாளர். "யாரு தட்டுறது?"

ஆவுடையம்மாளின் கால் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் புகுந்து, இரண்டு குடத்தையும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பின்னால் வடிவு, அவளுக்குப் பின்னால் பி பிளாக் முழுக்க.

"தண்ணி வந்துட்டு சார்," என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தண்ணீர் வந்திருந்தது.